ஏ.எல்.பி. என்சைமால் தைராய்டு புற்றுநோய் வருமா? மரபணுத் தரவில் எனக்கு வந்த விடையை நம்பலாமா?

குடவாசல் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம், ப்ராஜெக்ட் நேரம். எங்கள் துறையில் இருக்கும் கருவிகளில் பாதி, மழைக்காலம் வந்தாலே படுத்துக்கொள்ளும். அதனால் கைடு "கெமிக்கல் வாங்குகிற வேலையே வேண்டாம், லேப்டாப்பிலேயே முடிகிற மாதிரி எடுத்துக்கோ" என்று மெண்டீலியன் ராண்டமைசேஷனைக் (சுருக்கமாக எம்.ஆர்.) கையில் கொடுத்துவிட்டார். ரத்தத்தில் இருக்கும் என்சைம்களுக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று மரபணுத் தரவை வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். ஈரல் டெஸ்டில் வரும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி., ஜி.ஜி.டி., ஏ.எல்.பி. (ஆல்கலைன் பாஸ்பேடேஸ்) நான்கும், கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் வகையறாவில் எட்டும், ஆக 12 என்சைம். ஒவ்வொன்றின் அளவையும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஸ்னிப்களை, அதாவது மரபணுவில் ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓரெழுத்து மாற்றங்களை, பொதுத் தரவிலிருந்து எடுத்தேன். ஈரல் என்சைம்களுக்கு இங்கிலாந்தின் யூகே பயோபேங்க், கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். புற்றுநோய்ப் பக்கத்துக்கு எல்லோரும் எடுக்கிற அந்த இத்தாலித் தரவு: 649 நோயாளிகள், 431 நோயில்லாதவர்கள். ஆர் மென்பொருளில் ஓடவிட்டேன். 11 என்சைமுக்கு ஒன்றுமில்லை. ஏ.எல்.பி.க்கு மட்டும் பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05க்குக் கொஞ்சம் கீழே வந்தது, ஏ.எல்.பி. கூடினால் நோய் வாய்ப்பும் கூடுகிறது என்ற திசையில்.

கைடுக்கு ஒரே சந்தோஷம். ஏ.எல்.பி.தான் காரணம் என்றே தலைப்பு வைத்து ஜர்னலுக்கு அனுப்பலாம் என்கிறார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நாச்சியார்கோவிலில் இருக்கும் என் அத்தைக்குப் போன வருஷம் தைராய்டில் பாப்பிலரி என்ற வகைக் கேன்சர் என்று ஆபரேஷன் நடந்தது. அவர் ஃபைலைப் புரட்டினால், ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி.க்குப் பக்கத்தில் மேலே பார்த்த ஒரு அம்புக்குறி! ஒரு நிமிஷம் கை நடுங்கிவிட்டது. அத்தையோ "உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, என் மகளுக்கும் வருமா என்று சொல்லேன்டி" என்கிறார்.

காரணம் என்று எழுதலாமா, கூடாதா? கூடாது என்றால் கைடிடம் எதைச் சொல்லி நிற்பது? அத்தைக்கு என்ன பதில்?


கடைமடை:

தங்கச்சி, நான் புள்ளியியல் படித்தவன், வீடு தலைஞாயிறு பக்கம். எதையும் தண்ணீரை வைத்துத்தான் யோசிக்க வரும், பொறுத்துக்கொள்.

ஒரு உரக் கம்பெனி சொல்கிறது, எங்கள் உரம் போட்டவர்களுக்கு ஒரு மா நிலத்துக்கு ஒரு மூட்டை கூட விளைந்தது என்று. யார் வாங்கினார்கள் என்று விசாரித்தால் அத்தனை பேரும் தலைமடைக்காரர்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் அவர்கள் வயலில் தண்ணீர் ஏறி நடவே முடிந்துவிடும், எங்களுக்கு வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிப் போயிருக்கும். அப்புறம் கூட விளைந்த மூட்டை உரத்தாலா, தண்ணீராலா? என்சைமை அளந்து நோயோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சாதாரண ஆய்வுகளின் கோளாறு இதுதான். குடிக்கிறவருக்கு ஜி.ஜி.டி. ஏறும், பருமனானவருக்கு ஏ.எல்.டி. ஏறும், நோய்க்குக் காரணம் குடியா எடையா என்சைமா என்று பிரிக்கவே முடியாது. இன்னொரு கோளாறு, டிராக்டர் உழுகிற இடத்தில் கொக்கு கூடும். கொக்கு வந்ததால்தான் உழவு நடந்தது என்று நம்மூரில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நோய் வந்து என்சைம் ஏறியதா, என்சைம் ஏறி நோய் வந்ததா என்பதில் படித்தவர்களே தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு, தலைமடை கடைமடை பார்க்காமல் உரம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. மனிதர்களுக்கு என்சைமைக் கூட்டிவிட்டு 20 வருஷம் காத்திருந்து புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க முடியுமா? முடியாது. ஆனால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஜீன் இறங்கும்போது கருவிலேயே ஒரு குலுக்கல் நடந்துவிடுகிறது. 1866இல் மெண்டல் பட்டாணிச் செடியை வைத்துச் சொன்னது அதுதான். பிறவியிலேயே ஏ.எல்.பி. கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி சீட்டு விழுந்தவர்களையும் அப்படி விழாதவர்களையும் ஒப்பிட்டால், குடி, எடை, வருமானம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும், நோய் பின்னால் வந்து ஜீனை மாற்றவும் முடியாது. உன் மெண்டீலியன் ராண்டமைசேஷன் இந்தக் குலுக்கல்தான். இந்த யோசனையை 1986இல் மார்ட்டின் கட்டான் என்ற ஆய்வாளர் லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதிய ஒரு சின்னக் கடிதத்தில் சொன்னார். கொலஸ்ட்ரால் குறைவதால் புற்றுநோய் வருகிறதா, உள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோய் கொலஸ்ட்ராலை இறக்குகிறதா என்பது அவருடைய கேள்வி. 2003இல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் விரிவாக எழுதிய பிறகுதான் இது ஒரு துறையாகவே ஆனது.

என்சைம், புற்றுநோய் இரண்டுக்கும் இது அழகாக வேலை செய்த இடம் ஒன்று உண்டு, தெரிந்துகொள். சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறும், அதை உடைப்பது ஏ.எல்.டி.ஹெச்.2 என்ற என்சைம். சீனா, ஜப்பான், கொரியாவில் நிறைய பேருக்கு அந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், என்சைம் வேலை செய்யாது, ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்து குமட்டும். இரண்டு பிரதியும் பழுதானவர்கள் அந்த அவஸ்தைக்குப் பயந்து குடிப்பதே இல்லை, உணவுக்குழாய்ப் புற்றும் அவர்களுக்குக் குறைவு. ஒரு பிரதி மட்டும் பழுதாகி, சமாளித்துக்கொண்டு குடிக்கிறவர்களுக்கு அந்தப் புற்று அதிகம். குற்றவாளி அசிட்டால்டிஹைடு என்பது அதில் தெளிவாகிவிட்டது. அங்கே ஜீன் எது, என்சைம் எது, அது என்ன செய்கிறது என்று ஒவ்வொரு கண்ணியும் கையில் இருந்தது. உன் ஏ.எல்.பி.யில் அப்படி இருக்கிறதா?

இப்போது உன் கணக்கு. 12 என்சைமுக்கு 12 தடவை சீட்டு எடுத்திருக்கிறாய். எதிலுமே ஒன்றும் இல்லாவிட்டாலும் அதில் ஒன்றாவது தற்செயலாக 0.05க்குக் கீழே விழ சுமார் 46 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பதுதான். 0.05ஐ 12ஆல் வகுத்தால் 0.004, உன் விடை அதைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். அடுத்து, 649 பேர் மிகவும் கொஞ்சம். என்சைம் பக்கம் 5 லட்சம் பேரை வைத்துக்கொண்டு நோய்ப் பக்கம் ஆயிரத்துச் சொச்சம் பேரை நிறுத்துவது, பெரிய ஆற்றிலிருந்து ஒரு முழக் குழாயில் தண்ணீர் எடுப்பது மாதிரி.

ஒன்று கேட்கிறேன், அதற்கு பதில் சொல். உன் ஏ.எல்.பி. ஸ்னிப்கள் எந்தெந்த ஜீன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன?


திருவையாறு திண்ணை:

ஜீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேருக்குத் தைராய்டு. எல்லாம் இந்த அயோடின் உப்பால்தான் என்கிறார்கள். வேதாரண்யம் கல்லுப்பை வாங்கிப் போட்டுக் குழம்பு வைத்த காலத்தில் யாருக்கு வந்தது? அதை யாராவது ஆராய்ச்சி பண்ணுங்களேன்.


மாயவரம் லேப்காரர்:

மேலே தம்பி கேட்ட கேள்விக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை. 22 வருஷமாக ரத்தம் குத்தி எடுக்கிறேன். உங்கள் பட்டியலில் ஏ.எல்.பி.யைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அந்த டெஸ்டைப் போல ஆளை ஏமாற்றுவது வேறு இல்லை.

ஏ.எல்.பி. என்பது ஒரே பொருள் இல்லை, நான்கு இடத்திலிருந்து வரும். ஈரல், எலும்பு, குடல், கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடி. மெஷின் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும். வளருகிற பையனுக்கு எலும்பு வளர்வதால் பெரியவரைவிட ரொம்பக் கூட இருக்கும், அதற்கு யாரும் பயப்பட மாட்டோம். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறவர்களுக்கும் எலும்பு வேகமாகக் கரைந்து கட்டுவதால் ஏறும். ஆக, தைராய்டு கோளாறே ஏ.எல்.பி.யை ஏற்றும். இது தம்பி சொன்ன கொக்குக் கதைதான்.

அப்புறம் ட்யூப். புதிதாக வந்த பையன் ஒருவன் அவசரத்தில் ஊதா மூடி ட்யூபில் இருந்த ரத்தத்தை ஏ.எல்.பி.க்கு ஓட்டிவிட்டான், பாதாளத்துக்குப் போன ஒரு எண் வந்தது. ஊதா மூடியில் இ.டி.டி.ஏ. இருக்கும், அது துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், அவை இல்லாமல் அந்த என்சைம் நிற்காது. நல்ல வேளை, ரிப்போர்ட் கையெழுத்துக்கு வந்தபோது பார்த்துவிட்டேன்.

முக்கியமான விஷயம் கடைசியில். பி, ஓ ரத்த வகைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு, கொழுப்பு சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு குடல் ஏ.எல்.பி. ரத்தத்தில் ஏறும். ஏ வகைக்காரர்களுக்கு அவ்வளவாக ஏறாது. வெண்பொங்கலில் நெய் மிதக்கச் சாப்பிட்டுவிட்டு வெறும் வயிறு என்று பொய் சொல்கிற பி பாசிட்டிவ்காரரை இதை வைத்தே பிடித்திருக்கிறேன். உங்கள் ஜீன் கணக்கில் ரத்த வகை எங்கேயாவது தலைகாட்டுகிறதா என்று பாருங்கள் பாப்பா.


குடவாசல் பொண்ணு:

லேப் சார், கடைமடை அண்ணா, இரண்டு பேருக்கும் ஒரே பதில். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏ.எல்.பி.எல். பக்கத்தில் சில, ஜி.பி.எல்.டி.1 பக்கத்தில் ஒன்று, எஃப்.யூ.டி.2 ஒன்று. ஏ.பி.ஓ. ஒன்று. சத்தியமாக இதுவரை ஜீன் பெயரைப் பார்க்கவே இல்லை, ஸ்னிப்களின் அடையாளமான ஆர்.எஸ். எண்களாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

இதில் ஏ.பி.ஓ.தான் ரத்த வகை ஜீன் என்பது தெரியும். மற்றதெல்லாம் என்ன? ஏ.பி.ஓ.வை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டலாமா, அப்படி நமக்கு வேண்டியபடி நீக்குவது ஏமாற்று ஆகாதா?


கடைமடை:

லேப் சாருக்கு ஒரு கும்பிடு. நான் இரண்டு பக்கம் எழுதியும் வராதது ஒரு பொங்கலில் வந்துவிட்டது.

ஏ.எல்.பி.எல்.தான் ஈரல், எலும்பு ஏ.எல்.பி.யைத் தயாரிக்கும் ஜீன். என்சைமின் சொந்த வீடு அது, அங்கிருக்கும் ஸ்னிப்களை ஓரளவு நம்பலாம். ஜி.பி.எல்.டி.1 இன்னொரு என்சைம், செல்லின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை அறுத்துவிடுகிற கத்தரிக்கோல். ஏ.எல்.பி. அப்படி ஒட்டியிருக்கும் சாமான் என்பதால் அறுத்துவிட்டதும் ரத்தத்தில் கலக்கிறது, ஆனால் அந்தக் கத்தரி வேறு புரதங்களையும்தான் அறுக்கும். எஃப்.யூ.டி.2, ரத்த வகைப் பொருள் எச்சிலிலும் குடலிலும் சுரக்குமா சுரக்காதா என்பதைத் தீர்மானிக்கும் ஜீன், லேப் சார் சொன்ன குடல் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

ஏ.பி.ஓ. இருக்கிறதே, அது ஊர்ப் பொதுக்குளம். ரத்தம் உறையும் புரதங்களின் அளவு, கொலஸ்ட்ரால் என்று எதை எடுத்தாலும் அதற்கு ஒரு வாய்க்கால் அங்கிருந்து போகும். ஏ வகையினருக்கு வயிற்றுப் புற்றும், ஓ அல்லாதவர்களுக்குக் கணையப் புற்றும் கொஞ்சம் கூடுதல் என்பது பழைய செய்தி. நீ ஏ.எல்.பி. வயலுக்குத் தண்ணீர் விட்டதாக நினைக்கிறாய், மடை உடைந்து பத்து வயலுக்குப் பாய்ந்திருக்கிறது. அப்புறம் தைராய்டு வயல் நனைந்திருந்தால் அது ஏ.எல்.பி. வழியாக வந்த ஈரம்தான் என்று எப்படிச் சொல்வாய்? இந்த முறையின் உயிரே ஒரு நிபந்தனையில்தான் இருக்கிறது, ஜீன் அந்த என்சைம் வழியாக மட்டுமே நோயைத் தொட வேண்டும். மற்ற நிபந்தனைகளைக் கணக்குப் போட்டு ஓரளவு சரிபார்க்கலாம், இதை முழுசாகச் சரிபார்க்க முடியாது. எம்.ஆர். எக்கர் என்று 2015இல் வந்த முறை கசிவு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும், அதற்கும் மூக்கு அவ்வளவு கூர்மை இல்லை.

நீக்குவது ஏமாற்று இல்லை, சொல்லாமல் நீக்கினால்தான் ஏமாற்று. எல்லாம் சேர்த்து ஒன்று, ஒவ்வொரு ஸ்னிப்பாக வெளியே எடுத்து ஒன்று, ஏ.எல்.பி.எல். மட்டும் வைத்து ஒன்று, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டு. நோய்ப் பக்கத்துக்கு பின்லாந்தின் ஃபின்ஜென் தரவையும் எடு, அது 5 லட்சம் பேரை வைத்துக் கட்டியது, திறந்தே இருக்கிறது. இத்தாலியில் தெரிந்தது பின்லாந்திலும் தெரிகிறதா பார்.


ரிவ்யூ பண்ணிக் களைத்தவன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்த மாதிரிக் கட்டுரைகள் மாதத்துக்கு நான்கைந்து என் மேசைக்கு வருகின்றன. கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரி, இந்தப் பக்கம் ஒரு என்சைம், அந்தப் பக்கம் ஒரு புற்றுநோய், நடுவில் அதே ஆறு படம். சில ஜர்னல்கள் பொதுத் தரவை மட்டும் வைத்துச் செய்த எம்.ஆர். கட்டுரைகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உங்கள் கைடிடம் அதைச் சொல்லுங்கள், நிராகரிப்புக் கடிதத்துக்குப் பயப்படாத கைடு கிடையாது. எம்.ஆர். கட்டுரையில் என்னென்ன சொல்லியாக வேண்டும் என்று 2021இல் வந்த ஸ்ட்ரோப் எம்.ஆர். பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள், எங்கே ஓட்டை என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.


கழுத்து டாக்டர்:

என்சைம் பக்கத்தை மேலே பிரித்துப் போட்டுவிட்டார்கள். நான் நோய்ப் பக்கம் பேசுகிறேன், ஏனென்றால் அதுதான் இதில் பெரிய ஓட்டை, இந்த மாதிரிக் கட்டுரைகளில் யாரும் கைவைக்காத ஓட்டையும் அதுவே.

தரவில் தைராய்டு புற்றுநோய் உள்ளவர் என்றால் யார்? கண்டுபிடிக்கப்பட்டவர். அவ்வளவுதான். 1985இல் பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பார்த்தார்கள், 36 பேருக்கு உள்ளே சின்னதாகப் பாப்பிலரி கேன்சர் இருந்தது. உயிரோடு இருந்தவரை அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தென் கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது, தைராய்டு அதில் கிடையாது, ஆனால் கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் கழுத்து ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொண்டன. 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993ஐப் போல 15 மடங்கு. இறப்போ அசையவே இல்லை. ஸ்கேன் அதிகமானது, அவ்வளவுதான்.

இதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு ஜீன் தைராய்டைக் கொஞ்சம் வீங்க வைக்கிறது அல்லது அதிகம் சுரக்க வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆள் டாக்டரிடம் போவார், கழுத்தில் ஸ்கேன் எடுப்பார்கள், சும்மா கிடந்த 5 மில்லிமீட்டர் கட்டி தெரியும், ஊசி போட்டுப் பார்ப்பார்கள், புற்றுநோய் என்று பதிவாகும். ஜீனுக்கும் புற்றுக்கும் தொடர்பு என்று கணக்கு சொல்லும். உண்மையில் தொடர்பு ஜீனுக்கும் ஸ்கேனுக்கும். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் யாரை எண்ணினோம் என்பது கோணலாக இருந்தால் விடையும் கோணல்தான்.

அதற்காக மரபணுத் தரவே வீண் என்று சொல்ல மாட்டேன். 2009இல் ஐஸ்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த, இந்த நோயோடு தொடர்புள்ள முதல் இரண்டு மரபணு இடங்கள், ஃபாக்ஸ் ஈ1, என்.கே.எக்ஸ்.2-1 பக்கம், இன்றுவரை ஊர் ஊராக உறுதியாகியிருக்கின்றன. இரண்டும் தைராய்டு சுரப்பி உருவாவதற்கே தேவையான ஜீன்கள். 2017இல் 3,001 நோயாளிகளை வைத்து மேலும் ஐந்து இடங்கள் வந்தன. இதில் ஒரு விசித்திரம் உண்டு: பிறவியிலேயே டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டிச் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கொஞ்சம் குறைவாக இருக்கும்படி ஜீன் அமைந்தவர்களுக்குத் தைராய்டு புற்று வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் நாங்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சில நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்து டி.எஸ்.ஹெச்.ஐ வேண்டுமென்றே இறக்குகிறோம், ஏனென்றால் மிச்சம் இருக்கும் புற்றுச் செல்லுக்கு அது தீனி. இரண்டும் முரண்பாடு மாதிரித் தெரியும். பிறந்ததிலிருந்து குறைவாக இருப்பது வேறு, புற்று வந்த பிறகு மாத்திரையால் குறைப்பது வேறு. ஜீன் சொல்வது முதலாவதைப் பற்றி. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

உப்பு கேட்ட திண்ணைப் பெரியவருக்கு: அயோடின் குறைவு இருந்தால்தான் முன்கழுத்துக் கழலையும், குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சிக் குறைவும் வரும். 2006இலிருந்து சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம், அது வந்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தெருவில் மூன்று பேருக்கும் புற்றா, தைராய்டு குறைவா என்று முதலில் கேளுங்கள், ஊரில் இரண்டையும் 'தைராய்டு' என்றே சொல்கிறார்கள். சந்தேகமே இல்லாத காரணம் சின்ன வயதுக் கதிர்வீச்சு, 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு அங்கிருந்த பிள்ளைகளுக்கு வந்தது கதிரியக்க அயோடின் கலந்த பாலால்.

பாப்பாவின் அத்தைக்கு: பாப்பிலரி புற்றில் அடிக்கடி பார்க்கும் பிராஃப் என்ற ஜீனின் மாற்றம் கட்டிக்குள்ளேயே பிறந்து கட்டியோடு போவது, அம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்குவது இல்லை. நெருங்கிய சொந்தத்தில் இருந்தால் வாய்ப்பு சிலமடங்கு கூடும் என்பது உண்மை, ஆனால் ஒரு சின்ன எண்ணைச் சிலமடங்கு பெருக்கினாலும் சின்ன எண்தான். மெடுல்லரி என்று வேறு வகை ஒன்று உண்டு, அதில் சுமார் நான்கில் ஒரு பங்கு ரெட் ஜீன் வழியாகக் குடும்பத்தில் இறங்கும், அதற்குத்தான் ரத்தத்தில் ஜீன் பரிசோதனை செய்து பிள்ளைகளை முன்கூட்டியே காப்பாற்றுகிறோம். அத்தை ஃபைலில் பாப்பிலரி என்று இருந்தால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. மகளுக்குக் கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ குரல் மாறினாலோ காட்டட்டும், சும்மா ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். அந்த ஏ.எல்.பி. அம்புக்குறியை அவருடைய டாக்டரிடம் மறுபடி ஒருமுறை காட்டுங்கள். வெறும் வயிற்றில்.


தழும்பு:

எனக்குக் கழுத்தில் மாலை மாதிரித் தழும்பு இருக்கிறது, எட்டு வருஷம் ஆகிறது. தலைசுற்றல் என்று போனேன், கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் நன்றாக இருந்தது, பக்கத்தில் 8 மில்லிமீட்டரில் இது இருந்தது. டாக்டர் சொல்வதைப் படித்தால் நானும் அந்தக் கொரியாக்காரி மாதிரிதானோ என்று தோன்றுகிறது, போகட்டும், இப்போது ஒட்டவா முடியும்.

எல்லோரும் "இது நல்ல கேன்சர்" என்று சொல்வார்கள். கும்பகோணத்தில் பிறந்தவளை எழுந்ததும் மாத்திரை போட்டுவிட்டு அரை மணி நேரம் காபியைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும் நல்ல கேன்சர் என்று.

பாப்பா, உங்கள் அத்தையிடம் கணக்கு விவரம் எதுவும் சொல்லிக் குழப்பாதீர்கள். மகளுக்கு வராது என்று சத்தியமும் செய்யாதீர்கள். டாக்டர் மேலே எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள், அது போதும். நான் என் பெண்ணிடம் என்ன சொல்வது என்று ஒரு வருஷம் தவித்தவள்.


கடைமடை:

டாக்டர் சொன்ன 'யாரை எண்ணினோம்' விஷயத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்தத் தரவு முழுக்க ஐரோப்பிய வம்சாவளி. நம்மூரில் நாம் கல்யாணம் முடிக்கிற விதம் தெரியுமே, அத்தை மகன், மாமன் மகள், அதையும் தாண்டினால் அதே சாதிக்குள். தலைமுறை தலைமுறையாக இப்படி முடித்ததில் ஒவ்வொரு வகையறாவுக்குள்ளும் சில ஜீன் மாற்றங்கள் கூடியும் சில அற்றும் போயிருக்கும். அந்த வகையறா வசதியானதாக, ஸ்கேன் சென்டர் பக்கத்தில் குடியிருப்பதாகவும் இருந்துவிட்டால், தலைமடை கடைமடைக் கோளாறு ஜீனுக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணு வரிசையைப் படித்து ஃபரீதாபாத் தரவு மையத்தில் வைத்திருக்கிறார்கள், நல்ல தொடக்கம், ஆனால் தைராய்டு புற்றுக்கு இந்தக் கணக்கைப் போட அது காணாது. அதனால் உன் முடிவுரையில் தமிழ்நாட்டு மக்களுக்குப் பரிந்துரை என்று எதையும் எழுதிவிடாதே.


குடவாசல் பொண்ணு:

பத்து நாள் கழித்து வருகிறேன், செமஸ்டர் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

மறுபடி ஓட்டினேன். ஏ.பி.ஓ.வை எடுத்ததும் 0.05 போயே போய்விட்டது, படத்தில் கோடு அப்படியே 'தொடர்பு இல்லை' என்ற நடுவில் வந்து படுத்துக்கொண்டது. வேறு எந்த ஸ்னிப்பை எடுத்தாலும் அசையவில்லை, அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஏ.எல்.பி.எல். மட்டும் வைத்தால் இத்தாலியிலும் ஒன்றுமில்லை, பின்லாந்திலும் ஒன்றுமில்லை.

கைடிடம் மூன்று படத்தையும் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. ரிவ்யூ சார் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "சரி, ரத்த வகை ஜீன் எப்படி ஆளை ஏமாற்றுகிறது என்பதையே ஒரு அத்தியாயமாக எழுது" என்றார். ஜர்னல் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தலைப்பில் 'காரணம்' என்ற சொல்லை அடித்தாயிற்று. கழுத்து டாக்டர் சார் சொன்ன ஸ்கேன் விஷயத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், வைவாவில் கேட்டால் கொரியாவை அவிழ்த்துவிடலாம்.

அத்தை வீட்டுக்குப் போனேன். தழும்பு அக்கா சொன்னபடி வாசித்துக் காட்டினேன், மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஃபைலில் பாப்பிலரி என்றுதான் இருக்கிறது. அம்புக்குறியைக் காட்டி "அத்தை, உங்களுக்கு ரத்தம் என்ன வகை" என்று கேட்டேன். பி பாசிட்டிவ். "அன்றைக்கு டெஸ்டுக்கு வெறும் வயிற்றிலா போனீர்கள்?"

"வெறும் வயிறுதான்டி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரே ஒரு நெய் ரவா தோசை சாப்பிட்டேன், அது எந்தக் கணக்கு."

லேப் சார், அடுத்த வாரம் மறுபடி எடுக்கப் போகிறோம். காலையில் நானே கூடப் போகிறேன்.